பதினைந்துக்குப் பதினைந்து

இருண்ட திரையில் ஒரு வெள்ளைச் சதுரம். தீப்பெட்டியின் பாதி அளவுகூட இராது. இடமிருந்து வலமாக ஓடும், விளிம்பில் மோதும், சாய்வாகத் திரும்பி வேறு மூலைக்குப் போகும். அப்பா தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். கைகளில் கறுப்புப் பிளாஸ்டிக் துப்பாக்கி. அதன் அடியிலிருந்து ஓர் ஒயர் புறப்பட்டு, பாயின் மேல் வளைந்து, தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் போகிறது.

விசையை இழுக்கிறார். 'டக்' என்ற ஓசை மட்டும். சதுரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பா தலையைத் திருப்புகிறார். இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடியும் இடப்பக்கம். சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தால் தரையில் அப்படித்தான் தேடுவோம். சதுரம் அவர் முகத்துக்கு நேராக வரும்போது மட்டும் தோள்கள் விறைக்கின்றன. அடுத்த நொடியில் அதைத் தவறவிட்டுவிட்டு மீண்டும் தேடுகிறார்.

"பதினஞ்சுக்கு ரெண்டு!" என்று மாமா கைதட்டினார். "என்ன மச்சான், பஸ்ஸையும் இப்படித்தேன் ஓட்டுறீகளா?"

அப்பாவும் சிரித்தார். "ரோட்டுல இம்புட்டு வேகமா எவனும் ஓட மாட்டான் மாப்ள."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இத்தொடரை முதலிலிருந்து படித்துவரும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். கல்லூரி வருகிறது, விடுதி வருகிறது, உங்கள் அம்மா வருகிறார்; அப்பா மட்டும் ஏன் எப்போதும் ஓரத்தில் ஒரு வரியாக வந்து போய்விடுகிறார் என்று கேட்டிருந்தார். கடிதத்தை இரண்டு வாரங்கள் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இந்த வாரம் பதில் எழுதுகிறேன்.

கண் உள்ள துப்பாக்கி

மாமா என்பது அம்மாவின் தம்பி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. ஒரு சித்திரையின் கடைசியில் விடுப்பில் வந்தவர், வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் வீட்டில் தங்கினார். வரும்போது ஒரு கறுப்பு-வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியும் ஓர் அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார்.

மதுரைக்கு ஒளிபரப்பு ஒழுங்காக எட்டாத காலம் அது. பெட்டியைப் போட்டால் இரைச்சலும் புள்ளிகளும்தான். தெருவாசிகள் அதையே சிறிது நேரம் மரியாதையுடன் பார்த்துவிட்டுப் போனார்கள். அதனால்தான் அட்டைப்பெட்டிக்கு மதிப்பு வந்தது. உள்ளே, டீவியோடு இணைத்து விளையாடும் கருவி ஒன்று இருந்தது. திருகுகளைத் திருப்பி ஆடும் பந்தாட்டம் ஒன்று. துப்பாக்கியால் சதுரத்தைச் சுடும் ஆட்டம் ஒன்று. பதினைந்து முறை சுடலாம். எத்தனை பட்டது என்பதைத் திரையே எண்ணிக் காட்டும்.

முதல் நாள் மாமா எங்களுக்கு விளக்கினார்.

"இதுல இருந்து ஒண்ணும் வெளிய போகாது. குண்டும் இல்ல, மருந்தும் இல்ல. குழலுக்குள்ள ஒரு கண்ணு வச்சிருக்கான். விசைய இழுக்கையில அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரிஞ்சுச்சுன்னா பட்டுருச்சுன்னு கணக்கு."

"துப்பாக்கியே பாக்குமா?" என்றார் அம்மா.

"பாக்கும்க்கா. ஆனா அதுக்குப் புத்தி கெடையாது. எந்த வெளிச்சத்தப் பாத்தாலும் குறின்னு நெனச்சுக்கிரும். அதுனாலதேன் லைட்ட அணைக்கச் சொல்றேன்."

தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு குண்டு பல்பு இருந்தது. அதை அணைத்துவிட்டுத்தான் விளையாடினோம். மாமா பதினொன்று அடித்தார். நான் ஒன்பது. அம்மா வெட்கத்துடன் ஆறு. அப்பா இரண்டு.

பலூன் சுட்டவர்

அம்மாவுக்கு அந்த இரண்டு பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

திருமணமான புதிதில் அப்பா அம்மாவைத் தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சிக்கு அழைத்துச் சென்றாராம். பலகையில் வரிசையாகப் பலூன்களைக் குத்திவைத்துச் சுடச்சொல்லும் கடை. அப்பா இரண்டு வரிசைகளை ஒன்றுவிடாமல் உடைத்திருக்கிறார். மூன்றாவது வரிசைக்குத் துப்பாக்கியை நிமிர்த்தியபோது கடைக்காரர், "போதும்ணே, நாங்க கடைய எடுத்துட்டு ஊருக்குப் போகணுமா?" என்று கும்பிட்டுவிட்டாராம். பரிசாகக் கிடைத்த பச்சை நிறச் சோப்பு டப்பாவை அம்மா இன்றும் வைத்திருக்கிறார். கொண்டை ஊசிகள் அதில்தான் இருக்கின்றன.

அப்பா தனியார் பேருந்தொன்றின் ஓட்டுநர். நகரத்துக்கும் அலங்காநல்லூருக்கும் இடையே நாளுக்குப் பல நடை. தம்மைப் பற்றி எதையும் சொல்லிக்கொள்ளாதவர், ஒன்றை மட்டும் சொல்வார்: "என் வண்டி இதுவரைக்கும் ஒரு கோழிய மிதிச்சதில்ல." அதைச் சொல்லும்போது குரலில் பெருமைகூட இராது. ஊர்ப்பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்.

அந்த வண்டியின் நடத்துநர் பாண்டி அண்ணன். நெரிசல் இல்லாத நேரங்களில் முன்படிக்கட்டில் தொற்றிக்கொண்டு, வண்டியின் தகரத்தைத் தட்டியபடி இடப்பக்கத்தைக் கூவிக்கொண்டே வருவார். "லெப்ட்ல சைக்கிளு... வரட்டும் வரட்டும்... லெப்ட்ல பொம்பளையாளு... ரைட்!" பயணிகளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. ஒருமுறை நான் ஏறியிருந்தபோது, "அண்ணே, லெப்ட்ல ஒரு ஆட்டுக்குட்டி நிக்குது. அரை டிக்கெட் போட்டு ஏத்திக்கிருவமா?" என்றார். வண்டியே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்காமல் ஸ்டியரிங்கைச் சிறிது வலப்பக்கம் ஒடித்தார்.

அவர் சிரிக்காததை அன்று கவனித்தேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

எரிந்துகொண்டிருந்த பல்பு

இரண்டு பட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பாண்டி அண்ணனும் வந்திருந்தார். மாமா முந்தைய நாள் கதையை நடித்துக் காட்டினார்.

"இன்னைக்குப் பாருங்க" என்று அப்பா துப்பாக்கியை எடுத்தார்.

மாமா பல்பை அணைக்கப் போனார். "லைட்டு எரியட்டும் மாப்ள. பொம்பளைக, பிள்ளைக ஒக்காந்திருக்காக" என்றார் அப்பா. நியாயமாகத்தான் பட்டது.

சதுரம் ஓடத் தொடங்கியது. டக். 'டொய்ங்' என்று பெட்டி ஒலித்தது. ஒன்று. டக். டொய்ங். இரண்டு. மாமா எழுந்து நின்றுவிட்டார். ஏழு, எட்டு, ஒன்பது. பாண்டி அண்ணன் பேருந்தில் தட்டுவதுபோலக் கதவைத் தட்டி, "ரைட்! ரைட்!" என்று கத்தினார்.

எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவுக்குப் பின்னால், சுவரோரம் அமர்ந்திருந்தேன். அங்கிருந்து எனக்குத் துப்பாக்கிதான் தெரிந்தது.

குழல் திரையை நோக்கி இருக்கவில்லை. திரைக்கு ஒரு சாண் மேலே, பல்பைப் பார்த்து நின்றது. சதுரம் எந்த மூலையில் ஓடினாலும் குழல் அசையவில்லை. விசை மட்டும் ஒரே சீராக அழுந்திக்கொண்டிருந்தது.

"பதினஞ்சுக்குப் பதினஞ்சு!"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலூன் கதையை முதலிலிருந்து தொடங்கினார். அப்பா துப்பாக்கியைப் பாயில் வைத்துவிட்டுத் திரும்பினார். என்னைத் தேடவில்லை, நான் அவருக்கு நேராக இருந்தேன், அவ்வளவுதான். ஒரு கணம் பார்த்தார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் செய்தவை

விளையாட்டில் ஏமாற்றுவது குற்றமன்று. வேறு யாராக இருந்தாலும் நான் சிரித்துக்கொண்டே அம்பலப்படுத்தியிருப்பேன். ஆனால் அப்பா சீட்டாட்டத்தில்கூட ஏமாற்றாதவர். அவர் ஏமாற்றினார் என்றால், சதுரம் அவருக்குத் தெரியவில்லை. நேரே இருந்தால் தெரிகிறது. ஓரத்துக்குப் போனால் மறைந்துவிடுகிறது.

அதன்பின் பழையவை ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. வாசலில் பக்கவாட்டில் இருக்கும் தண்ணீர்க் குடத்தை அவர் வாரம் ஒருமுறை இடறுவது. "கண்ண எங்கிட்டு வச்சிருக்கீக?" என்று அம்மா கேட்பது. இரவுக்காட்சி சினிமாவை விட்டது. முதலாளியிடம் பகல் நடையாகக் கேட்டு வாங்கியது. பாண்டி அண்ணனின் கூவல்.

நான் என்ன செய்தேன்? குடத்தை அடுப்படிக்குள் மாற்றினேன். நாற்காலிகளைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். அவருக்குச் சாப்பாடு வைக்கும்போது தண்ணீர்த் தம்ளரை இலைக்கு நேரே வைத்தேன். அம்மா, "இவளுக்குப் பொறுப்பு வந்துருச்சு" என்றார். ஒருவர் விழாமலிருக்க வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டு, அவரை ஐம்பது பேரோடு சாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு முறை சொல்லப் போனேன். ஒருமுறை அம்மாவிடம், அவர் சோப்பு டப்பாவிலிருந்து ஊசி எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். இன்னொரு முறை பாண்டி அண்ணனிடம், நிறுத்தத்தில். "என்ன தங்கச்சி, பரீச்சையா?" என்றார். "ஆமாண்ணே" என்றேன்.

கல்லூரியில், தமிழ் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தருவார்கள்: சங்கப் பாட்டில் வரும் பெண் எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்று பாருங்கள், பொருள் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பயிற்சியில் நான் நல்ல மாணவி. அப்பாவின் அந்த ஒரு கணப் பார்வைக்கும் பொருள் எழுதிக்கொண்டேன்: 'யாரிடமும் சொல்லாதே.' அதில் எனக்கு ஐயமே எழவில்லை.

மாமா ஊர் திரும்பும்போது பெட்டியையும் விளையாட்டுக் கருவியையும் எங்களுக்கே விட்டுச் சென்றார். அதன்மேல் அம்மா பூவேலை செய்த துணியைப் போர்த்தினார். யாரும் அதைத் தொடவில்லை.

கரும்புக் கட்டு

மார்கழியின் கடைசி நாள்கள். பொங்கல் கூட்டம். பேருந்து நிறைந்து படிக்கட்டுக்கு வெளியேயும் ஆள்கள் தொங்கினார்கள். பாண்டி அண்ணன் பின்பக்கம் சிக்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்படிக்கட்டில் கூவுவதற்கு ஆளில்லை.

அலங்காநல்லூர்ச் சாலையில் ஒரு வாய்க்கால் பாலம். இடப்பக்கம் வயலுக்குள்ளிருந்து ஒரு வண்டிப்பாதை வந்து சேரும். அவ்வழியே கருப்பையா என்பவர் சைக்கிளோடு சாலைக்கு ஏறினார். பின்னால் கரும்புக் கட்டு. நல்ல வெயில், பனி இல்லை, இருட்டு இல்லை.

அப்பா பிறகு சொன்னது இவ்வளவுதான்: "சத்தம் கேட்டுத்தேன் பிரேக்க மிதிச்சேன். ஆள, சைக்கிள, கரும்ப, எதையும் பாக்கல."

கருப்பையா அங்கேயே இறந்துவிட்டார்.

நல்ல பார்வை

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைச் சோதித்தார். பிரேக் சரி. அப்பாவை மருத்துவரிடம் அனுப்பினார்கள். எழுத்துப் பலகைக்கு முன் அமரவைத்து ஒரு கண்ணை மூடச்சொன்னார்கள். அப்பா கடைசி வரிவரை பிழையில்லாமல் படித்தார். மறு கண்ணாலும் படித்தார். பார்வை நன்று என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதில் பொய் இல்லை. பின்னாளில் ஒரு பெரிய கண் மருத்துவமனையில் சொன்னார்கள்: இந்நோய் ஓரங்களை முதலில் தின்னும், நடுவைக் கடைசியில்தான் தொடும். குழாய் வழியே பார்ப்பதுபோல. எழுத்துப் பலகை குழாய்க்குள் அடங்கிவிடுகிறது. சாலை அடங்குவதில்லை.

பேருந்தில் இருந்தவர்கள், சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட்டதாகச் சொன்னார்கள். நெரிசலில் அவர்களில் யார் எதைப் பார்த்திருக்க முடியும்? தவறு இறந்தவர்மேல் எழுதப்பட்டது. அப்பா வீடு திரும்பினார். "நல்லபடியா முடிஞ்சது" என்று அம்மா வாசலில் கற்பூரம் சுற்றினார்.

அன்று மாலை அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா பூத்துணியை எடுத்து மடித்து வைத்தார்.

"ஏத்தா, இத மாட்டி விடு."

மாட்டினேன். அவரே எழுந்துபோய்ப் பல்பை அணைத்தார். சன்னலையும் சாத்தினார். பாயில் அமர்ந்து துப்பாக்கியை நீட்டினார்.

டக். டக். டக். ஒவ்வொன்றுக்கும் இடையே தலை திரும்பித் திரும்பித் தேடியது. வேர்த்தது. பதினைந்தும் முடிய வெகுநேரம் ஆனது.

"எம்புட்டு?"

திரையில் எண் பெரிய எழுத்தில்தான் இருந்தது, அவரே படித்திருக்கலாம். "ஒண்ணுப்பா."

துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். சதுரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"அன்னைக்கு நீ பாத்துட்டேல்ல?"

"ஆமாப்பா. நீங்க யார்ட்டயும் சொல்ல வேணாம்னு நெனச்சீகன்னுதான்..."

"நான் அப்படிச் சொல்லலையேத்தா." அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "என் வாயால சொல்லிக்கிட முடியல. நீ சொல்லிருவேன்னு இருந்தேன். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வாரப்ப, இன்னைக்குச் சொல்லிருப்பா, ஒங்கம்மா வாசல்ல நிப்பான்னு நெனச்சுக்கிட்டே வருவேன்."

அது குற்றச்சாட்டாக வரவில்லை. வந்திருந்தால் ஏதாவது சொல்லி மறுத்திருப்பேன்.

கீழத்தெரு

மறுநாள் அப்பா முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னார். "பயந்துட்டீக டிரைவர். டாக்டரே எழுதிக் குடுத்தத நீங்களே கெடுக்காதீக. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார் அவர். கூடப் போயிருந்த நான், டீவி விளையாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

அப்பா உரிமத்தை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். எழுதப்பட்டது எழுதப்பட்டபடியே இருந்தது.

அதன்பின் கருப்பையாவின் ஊருக்குப் போனோம். ஊரின் கீழ்க்கோடித் தெரு. இருபத்திரண்டு ஆண்டுகள் அவ்வூர் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திய அப்பா, அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அன்றுதான். நான் அவர் இடக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கருப்பையாவின் மனைவிக்கு என்னைவிட நான்கைந்து வயது கூடுதலாக இருக்கலாம். வாசலில் அமர்ந்திருந்தார். சுவரில் அந்தச் சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முன்சக்கரம் மடங்கியிருந்தது.

அப்பா நின்றுகொண்டே சொன்னார். "ஒங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லம்மா. எனக்கு ஓரத்துல கண்ணு தெரியாது. நான் பாக்கல."

அந்தப் பெண் அழவில்லை. "அதத்தான நானுஞ் சொன்னேன். அந்த எடத்துல எறங்கித் தள்ளிக்கிட்டுத்தேன் வருவாரு. குறுக்க ஓட்டிக்கிட்டு வார ஆளே இல்ல. யாரு கேட்டா?"

பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"கண்ணு தெரியாதுன்னு எப்பருந்து தெரியும்?"

அப்பாவின் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. இந்த முறை நான் காத்திருக்கவில்லை.

"எட்டு மாசமாத் தெரியும். எனக்கும் தெரியும்."

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். பிறகு விரல் கணுக்களில் கட்டைவிரலை வைத்து மாதங்களைப் பின்னோக்கி எண்ணினார். மார்கழி, கார்த்திகை, ஐப்பசி. உதடுகள் மட்டும் அசைந்தன. எட்டு வரை போகாமல், ஆடியிலேயே விரல் நின்றது. தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி எங்ககிட்ட இந்தச் சைக்கிளே கெடையாது" என்றார்.